மூலையில் ஒரு வட்டப்படம்

அமுதவல்லியின் கையில் இருந்த கூடையைப் பார்த்ததுமே அருணாவுக்குத் திக்கென்றது.

வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், பந்தாகச் சுருட்டிய மல்லிகை. அதெல்லாம் எந்த வீட்டுக்கும் எடுத்துப் போகிற சாமான்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பிஞ்சு மாங்காய்கள் உட்கார்ந்திருந்தன. மாங்காய் வாங்கிக்கொண்டு யாரும் சும்மா பார்க்க வருவதில்லை.

"எங்கே அக்கா என் மருமக? வாயும் வயிறுமா இருக்குறவளைப் பாக்கணும்னு அன்னவாசல்ல மொத பஸ்ஸைப் புடிச்சு ஓடியாறேன்!"

வாசலிலேயே அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மாமியார் அமராவதி தங்கையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "மெதுவாப் பேசுடி, கண்ணு பட்ரப்போகுது" என்று சொன்ன குரலும் ஒன்றும் மெதுவாக இல்லை.

அடுப்படியில் காபித் தம்ளரோடு நின்ற அருணா, தம்ளரை அப்படியே மேடையில் வைத்தாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லையே!

நாள் தள்ளிப்போயிருந்தது உண்மைதான். லீவில் வந்திருந்த கணவன் குணசேகரன் குவைத்துக்குத் திரும்பிய பிறகு, வர வேண்டிய நாளில் வரவில்லை. மீமிசலில் இருக்கும் அம்மாவிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. கல்யாணமாகி நான்கு வருஷமாகக் காத்திருக்கிற வீட்டில், உறுதியாகாத ஒன்றை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பயம். போன வாரத்திலிருந்து கொல்லையில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் போனிடம் மட்டும் கேட்டு வந்தாள். பிரவுசரைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக் கேட்டாள். போன் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது என்கிற தைரியம்.

அந்தக் கேள்விக்கு இன்று விடியற்காலையில் உடம்பே பதில் சொல்லிவிட்டது. அடிவயிற்றில் பழகிய வலி. சந்தேகமே இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாலைக் காய்ச்சினாள்.

தனியாக ஆசைப்பட்டாள், தனியாக அழுதாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். இப்போது மல்லிகைப்பூவோடு கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டது. நாத்தனார் திலகவதி. செமஸ்டர் லீவில் வீட்டில் இருந்தாள். அவளும் அருணாவும் ஒரே அறையில்தான் படுக்கிறார்கள்.

"அண்ணி! எங்கிட்டகூடச் சொல்லலையே நீங்க!" என்று கட்டிக்கொள்ள வந்தாள்.

அருணா விலகினாள். "நடிக்காத திலகா. என் போனை நோண்டுனது நீதானே?"

"என்னது?"

"நீதான் அத்தைகிட்டச் சொல்லியிருக்க. வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

திலகவதியின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒங்க போனை எடுத்து ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை அண்ணி நான். எனக்கே இப்ப சின்னம்மா கத்துனதுலதான் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு நிற்காமல் மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

"அருணா!" கூடத்திலிருந்து அமராவதி கூப்பிட்டாள். "பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு வா ஆத்தா. வெள்ளிக்கெழமை, நல்ல நேரம் போறதுக்குள்ள ஐயனாருக்குத் தேங்காய் ஒடச்சுட்டு வந்துரலாம். குணா பேருக்கும் ஒன் பேருக்கும் அர்ச்சனைக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

கோயில்! வேறு எதுவாக இருந்தாலும் தலையை ஆட்டிச் சமாளித்திருப்பாள். நாளைக்கு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒதுங்கியிருப்பாள். கோயிலுக்குப் போகிற விஷயத்தில் அந்த வழியும் இல்லை.

அருணா கூடத்துக்கு வந்தாள். அமுதவல்லி மல்லிகையை அவள் தலையில் வைக்க எழுந்தாள்.

"நான் கோயிலுக்கு வரலை அத்தை."

"ஏன்? மயக்கமா வருதா?"

"இல்லை. நான் தூரம்."

மல்லிகையைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் நின்றது.

அமராவதி தங்கையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், பிறகு கூடையைப் பார்த்தாள். காலையிலிருந்து பளபளவென்று இருந்த அந்த முகம் கண் முன்னாலேயே வாடுவதை அருணா பார்த்தாள். அந்த ஒரு கணம் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதுவிடலாம் போலக்கூட இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது அமுதவல்லி. "கலைஞ்சுபோச்சா? ஐயோ! என்னத்தடி தூக்குனே? தண்ணிக் கொடமா? ஸ்கூட்டில புதுக்கோட்டைக்குப் போனியா?"

"கலையறதுக்கு ஒண்ணும் இல்லை சின்னத்தை. நாள் தள்ளிப்போச்சு, இப்ப வந்துருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" அமராவதியின் குரல் கிறீச்சிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுனு நெனச்சியா? பப்பாளி சாப்பிட்டா கலைஞ்சுருமானு எதுக்குடி பாத்தே நீ?"

அருணா சட்டென்று நிமிர்ந்தாள்.

பப்பாளி! அந்தக் கேள்வியை அவள் கேட்டது உண்மை. இந்த வார்த்தைகளேதான். மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஒரு ஈ காக்கைகூட இல்லாத இடத்தில் கேட்டது.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"சொல்ல வேண்டியவன் சொன்னான். எம் மகன் சொன்னான்! மொத நாளு, 'அம்மா, அவளுக்கு நாள் தள்ளியிருக்கு போல, பாத்துக்க'ன்னு சந்தோசமாச் சொன்னான். நேத்து ராத்திரி, 'பப்பாளியைப் பத்திப் பாத்திருக்கா, என்னனு கேளும்மா'ன்னு சொன்னான். நாந்தான் 'சும்மா இருடா, சின்னப் புள்ளை, தெரியாமப் பாத்திருக்கும்'னு வாயை அடைச்சேன். இப்பல்ல தெரியுது, தெரிஞ்சுதான் நீ பாத்திருக்கேன்னு!"

"அத்தை, நான்..."

"வேண்டாங்கறதுக்குத்தான் பாத்தியா? இங்க நாங்க நாலு வருசமா ஏறாத கோயில் இல்லை. நீ..." அமராவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மத்தியானம் அவன் பேசட்டும்" என்றாள் அமுதவல்லி. "எல்லாரையும் வெச்சுக் கேட்ரலாம்."

அருணா படியேறினாள். கால் தன்னால் ஏறியது. மனதில் ஒரே கேள்விதான். அவருக்கு எப்படித் தெரியும்?

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் திலகவதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

அருணா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "திலகா, நீ இல்லை. ஒங்க அண்ணன்தான் சொல்லியிருக்காரு."

"இப்பயாச்சும் தெரிஞ்சுதே. போலீசுல புடிச்சுக் குடுத்துருவீங்களோன்னு பயந்துபோயிட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் திலகவதி. பிறகு அவளே திரும்பினாள். "அண்ணனுக்கு யாரு சொன்னா?"

"அதான் எனக்கும் தெரியலை. நான் போன்ல மட்டுந்தான் கேட்டேன்."

"எதுல?"

"பிரவுசர்லதான். போன்லயே இருந்ததே, அதுல."

"காட்டுங்க."

அருணா திறந்து காட்டினாள். திரையின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம். அதற்குள் குணசேகரனின் முகம். கறுப்புக் கண்ணாடி போட்டு, பின்னால் மணல்வெளி தெரிய, சிரித்துக்கொண்டிருந்தான்.

திலகவதி அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இது ஏன் இங்க இருக்கு?"

"அவரு படந்தானே? முன்னால லீவுல வந்தப்ப இந்தப் போனை வாங்கிட்டு வந்து, 'எல்லாம் செட் பண்ணிட்டேன், நீ ஒண்ணையும் மாத்தாத'ன்னு குடுத்தாரு. ஆசையாத் தன் படத்தையும் வெச்சுக் குடுத்திருக்காருனு..."

"அண்ணி, இது படம் இல்லை. அண்ணனோட அக்கவுண்ட். நீங்க எதைத் தேடினாலும் அண்ணன் பேருல தேடின மாதிரி. அவரு போன்லயும் அப்படியே வந்து நிக்கும்."

அருணா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை நாள் இந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்து அவளும் பதிலுக்குச் சிரித்திருக்கிறாள்! யாரும் இல்லாதபோது விரலால் தடவிக்கூட இருக்கிறாள்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒற்றைத் தலைவலிக்கு என்ன செய்வது என்று அவள் தேடிய அன்று சாயங்காலம், "தலை வலிக்குதா ஒனக்கு?" என்று போனில் கேட்டான். கடல் தாண்டி மனசு மனசோடு பேசுகிறது என்று பூரித்துப்போனாள். அவள் ரவிக்கை டிசைன் பார்த்த வாரம், "அந்த முதுகுல கயிறு கட்டுறதெல்லாம் நமக்கு வேணாம்" என்றான். அதையும் பொருத்தம் என்றே நினைத்தாள்.

பிறகு அந்தத் தையல் கடை. மகளிர் லோன் வாங்கி, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்னக் கடை போட முடியுமா என்று நாள் கணக்காகத் தேடித் தேடிப் படித்தாள். அவனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஆரம்பிக்கும் முன்பே ஒருநாள் அவன் சொன்னான்: "லோன் கீன்னு எவளாச்சும் வந்தா கிட்டச் சேக்காத. நம்ம குடும்பத்துக்கு அது ஒத்துவராது." அவள் அந்த ஆசையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் தயாராக இருந்திருக்கிறது.

"திலகா, இதைத் தூக்கிப் போடணும்."

"போனையா?"

"போனை எதுக்குப் போடணும்? இந்த வட்டத்தை."

திலகவதி தயங்கினாள். "எடுத்தா அண்ணனுக்குத் தெரிஞ்சுரும் அண்ணி."

"தெரியட்டும்."

எடுப்பதற்கு முன், இதுவரை எதையெல்லாம் தேடியிருக்கிறோம் என்று பார்க்க ஹிஸ்டரியைத் திறந்தாள் அருணா. அவள் கேட்ட கேள்விகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே, இன்றைய தேதியில், அவள் கேட்காத ஒரு கேள்வியும் இருந்தது.

'கம்பெனி மூடினால் விசா என்ன ஆகும்.'

அதன் கீழே இன்னும் சில வரிகள். அருணா சட்டென்று கட்டைவிரலால் திரையை மறைத்தாள்.

"என்ன அண்ணி அது?"

"பாக்காத."

"அண்ணன் தேடினதா? அவரு தேடுறது இங்கயும் வருதா? கம்பெனிக்கு என்னவாம்? காட்டுங்க அண்ணி!"

"வேண்டாம் திலகா. அவரு நம்மகிட்டச் சொல்லலை. சொல்றப்பத் தெரிஞ்சுக்குவோம்."

"அவரு மட்டும் ஒங்களோடதைப் பாத்தாருல்ல?"

"பாத்தாரு. அது எப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அதான் சொல்றேன், வேண்டாம்."

ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. அதை இனி அழிக்க முடியாது. மற்ற வரிகளைப் படிக்காமலேயே அந்தப் பக்கத்தை மூடினாள். பிறகு திலகவதி சொல்லச் சொல்ல, போனிலிருந்து குணசேகரனின் அக்கவுண்டை நீக்கினாள். 'நிச்சயமாக நீக்க வேண்டுமா?' என்று போன் கேட்டது. அவள் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அழுத்தினாள்.

கறுப்புக் கண்ணாடி, மணல்வெளி, சிரிப்பு எல்லாம் போயிற்று. வட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

புதிதாக ஓர் அக்கவுண்ட் போட வேண்டியிருந்தது. பெயர் கேட்டபோது அருணா யோசிக்கவே இல்லை. அருணா மலையாண்டி என்று அப்பா பெயரோடு அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது.

"அங்கிட்டுத் திரும்பு திலகா."

"என்னையவா? நாந்தானே எல்லாம் சொல்லித் தாரேன்!"

"ஒன்னையுந்தான்."

திலகவதி சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தாள். காலையில் ஏற்பட்ட கசப்பு அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

"இனிமே இந்தப் பிரவுசரையே வெச்சுக்கலாமா, வேற போடலாமா?" என்று அருணா கேட்டாள்.

"வேறயே போடலாம். இதுல பிரைவேட்டாத் தொறக்குற வசதி இருக்கு. ஆனா அது இந்தப் போனை எடுத்துப் பாக்குறவங்களுக்குத் தெரியாம வெக்கும், அம்புட்டுத்தான். வெளியில பாக்குறவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்."

இருவரும் தலையோடு தலை சேர்த்து ஒவ்வொரு பிரவுசராகப் பார்த்தார்கள். டவுன்லோடு செய்வதற்கு முன்னால், அது என்னென்ன தகவல் எடுத்துக்கொள்ளும் என்று கீழே ஒரு பகுதியில் போட்டிருந்தது. அருணா ஒன்றைச் சத்தமாகப் படித்தாள். "இருப்பிடம். தொடர்பு எண்கள். போட்டோக்கள். தேடியவை. வாங்கியவை... என்னடி இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி எல்லாத்தையும் கேக்குது?"

"ஆனா அண்ணி, இது ரொம்ப ஃபாஸ்ட்டு. நியூஸ், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் காட்டும். நான் இதைத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப ஒன் கதையும் ஊரெல்லாம் தெரியுமா?"

திலகவதி திருதிருவென்று விழித்தாள். பிறகு தன் போனை எடுத்து அந்தப் பிரவுசரை அழித்தாள். யாருக்குத் தெரியக்கூடாத கதை அவளிடம் இருக்கிறது என்று அருணா கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இப்போது தோன்றியது.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அது பெயர் கேட்கவில்லை, அக்கவுண்ட் கேட்கவில்லை. பின்தொடர்ந்து வருகிற விளம்பரக்காரர்களை அதுவே தடுக்குமாம். மூடினால், தேடியதையெல்லாம் தானே அழித்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமாம்.

"இது யாருகிட்டயும் எதையும் சொல்லாதா?"

"அப்படிச் சத்தியம் பண்ண முடியாது அண்ணி. எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு நெட் குடுக்குற கம்பெனிக்குத் தெரியும். போற எடத்துல நீங்களே பேரு குடுத்தா அவனுக்கும் தெரியும். மத்ததுகளுக்கு இது தேவலை. காரணமில்லாம வாயைத் தொறக்காது."

"அது போதும். இந்த வீட்டுல அப்படி ஒண்ணாச்சும் இருக்கட்டும்."

எந்த லிங்க்கைத் தொட்டாலும் இதிலேயே திறக்கிற மாதிரி மாற்றினாள். முதல்முறை திறந்து தேடியபோது உங்கள் இருப்பிடம் அறிய அனுமதியா என்று ஒரு கட்டம் வந்தது. மைக்குக்கு அனுமதியா என்று இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 'அனுமதிக்காதே' என்ற இடத்தைத் தொட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவளிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டது ஒரு போன். முடியாது என்று சொல்வது இத்தனை சுலபமா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குக் குணசேகரன் பேசுவான். அப்போது போனைக் கூடத்து அலமாரியில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும் என்பது அமராவதி வைத்த வழக்கம். மகன் பேச்சு எல்லோருக்கும் கேட்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேச்சும் அதற்குள்தான். நான்கு வருஷமாக அருணா தன் கணவனோடு பேசியதெல்லாம் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்ட பேச்சுகள்.

இன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாங்காய்க் கூடை மூலையில் கிடந்தது. போன் அடித்தது. அருணாவே எடுத்து அலமாரியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா! என்னம்மா ஆச்சு? சின்னம்மா மெசேஜ் போட்டிருந்தாங்க" என்றான் குணசேகரன்.

"நான் பேசுறேங்க" என்றாள் அருணா. "கொழந்தை ஒண்ணும் தங்கலை. தங்குச்சா இல்லையான்னே தெரியாது. நாளைக்கு நானும் திலகாவும் புதுக்கோட்டைல டாக்டரம்மாகிட்டப் போறோம்."

"அது இருக்கட்டும். பப்பாளி..."

"ஒங்க அக்கவுண்டை என் போன்லேருந்து எடுத்துட்டேன்."

"பாத்தேன். காலையில நோட்டிபிகேசன் வந்துச்சு. யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

அமுதவல்லி, "அடியாத்தி!" என்று மோவாயில் கை வைத்தாள்.

"ஏய், நான் ஒண்ணும் வேவு பாக்கலை" என்று குணசேகரனின் குரல் உயர்ந்தது. "என் போன்ல திடீர்னு கொழந்தைச் சட்டை, தொட்டில்னு வெளம்பரமா வந்து கொட்டுச்சு. ரூம்ல எல்லாரும் என்னைக் கிண்டல் பண்றாங்க. என்னடானு பாத்தா, நீ தேடியிருக்க. சந்தோசத்துலதான் பாத்தேன்."

"சரி, பாத்தீங்க. பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. அருணா, நெசமா, நீ எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கலாமே. அத்தைக்குப் பண்ணினீங்க. அத்தை அன்னவாசலுக்குப் பண்ணினாங்க. எனக்கே தெரியாத ஒண்ணு தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எதை மறைக்கணும் நீ? மறைக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு எதுக்குப் பயம்?"

"குளிக்கிறப்பக் கதவைச் சாத்துறேன். என்னத்தை மறைக்கச் சாத்துறேன்? என் ஒடம்புங்க, அதான் சாத்துறேன்."

"அது நான் வாங்கிக் குடுத்த போனு அருணா!"

"போனு நீங்க வாங்கிக் குடுத்தது. கேள்வி நான் கேட்டது."

இவ்வளவு நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அமராவதி எழுந்தாள். "பேச்சை மாத்தாத. நீ தப்புப் பண்ணலைன்னா போனைக் குடு. திலகா படிக்கட்டும். நீ என்ன கேட்டேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

திலகவதி அவசரமாக அருணாவின் காதருகே வந்தாள். "நீங்க தேடினது புது அக்கவுண்ட்ல இல்லை. ஆனா அண்ணன் போன்ல அப்படியே இருக்கும். வரிசையாப் பாத்தா ஒங்க பக்கம் நியாயம் தெரிஞ்சுரும் அண்ணி. நீங்க பயந்துபோய்க் கேட்டிருக்கீங்கன்னு புரிஞ்சுரும். படிக்கச் சொல்லுங்க அண்ணனை!"

அருணாவுக்கும் அது தெரியும். முதல் கேள்வி, நாள் தள்ளிப்போவது எதனால். அடுத்தது, கைக்குழந்தைக்குப் பெயர்கள். அதற்கும் பிறகுதான் பப்பாளி. அவன் படித்தால் பத்து நிமிஷத்தில் பழி தீர்ந்துவிடும்.

ஆனால் இன்று நியாயத்துக்காகத் திறந்தால், நாளைக்குச் சந்தேகத்துக்காகத் திறக்கச் சொல்வார்கள். மறுநாள் சும்மா திறக்கச் சொல்வார்கள்.

"மாட்டேன்" என்றாள். "நம்புனா நம்புங்க. இல்லைன்னா விடுங்க. நான் தேடுனதை யாரும் படிக்க வேண்டாம்."

"பாத்தியா அக்கா, என்ன திமிரு!" என்றாள் அமுதவல்லி.

அதற்கு மேல் திலகவதியால் பொறுக்க முடியவில்லை. "அம்மா! அந்தப் பப்பாளியை ஞாயித்துக்கெழமை வெட்டிக் குடுத்ததே நீதானே! கொல்லையில பழுத்துக் கெடக்குன்னு நீயே ஆளுக்கு ஒரு கிண்ணம் குடுத்தியே! நானுந்தான் தின்னேன். தின்னுட்டோமே, என்ன ஆகுமோன்னு பயந்து கேட்டிருக்காங்க!"

அமராவதி கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"நானா..." என்று மட்டும் சொன்னாள்.

அருணா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். இத்தனைக்கும் பிறகும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "நீங்க தெரிஞ்சா குடுத்தீங்க? நாளைக்கு டாக்டரம்மாகிட்ட அதையும் கேட்ருவோம். நீங்களா ஒண்ணை நெனச்சு வெசனப்படாதீங்க அத்தை. அதுக்காக நான் போனைக் குடுப்பேன்னும் நெனைக்காதீங்க."

அலமாரியிலிருந்து குணசேகரன் கத்தினான். "அருணா! பேச்சு நீளுது. மரியாதையா என் அக்கவுண்டைத் திரும்பப் போடு. இல்லைன்னா அடுத்த லீவுக்கு வந்து அந்தப் போனை ஒடச்சுப் போட்டுட்டுத்தான் மறுவேலை!"

அருணா அலமாரி அருகே போனாள்.

"ஏங்க, ஒரு விஷயம். நீங்க எனக்குத் தொறந்து வெச்ச கதவு என் பக்கம் மட்டும் தொறந்து இருக்கலை. ஒங்க பக்கமும் தொறந்துதான் கெடந்துச்சு. காலையில ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. அதுக்கு மேல பாக்காமச் சாத்திட்டேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று திலகவதி எட்டிப் பார்த்தாள். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"எந்த வரி?" குரலில் இப்போது கோபம் இல்லை. அடித் தொண்டையிலிருந்து வந்தது.

அருணா கூடத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அருணா... ஸ்பீக்கர்லயா இருக்கு?"

"ஆமா."

"அம்மா பக்கத்துலயா இருக்காங்க?"

"என்னடா குணா? என்னப்பா?" என்று அமராவதி தடுமாறி எழுந்தாள். "என்ன வரிடி? எம் மகனுக்கு என்ன? சொல்லு!"

ஒரே வாக்கியத்தில் அருணா இந்தக் கூடத்தையே வாயடைக்கச் செய்திருக்கலாம். பெருமைக்குரிய குவைத் மகனைப் பற்றி, அமுதவல்லி காது குளிர அன்னவாசல் வரைக்கும் எடுத்துப் போகிற மாதிரி ஒரு வாக்கியம். அது அவள் நாக்கு நுனியில் இருந்தது.

போனை அலமாரியிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கரை அணைத்தாள்.

"அது அவரு விஷயம் அத்தை. சொல்லணும்னு தோணுறப்ப அவரே ஒங்களுக்குச் சொல்லுவாரு."

"ஏய், போடு ஸ்பீக்கரை! இந்த வீட்டு வழக்கம் என்ன?"

"இன்னையிலேருந்து இதுதான் வழக்கம்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். நான்கு வருஷத்தில் பட்டப்பகலில் ஒருமுறைகூட அவள் அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டதில்லை. இப்போது போட்டாள். வெளியே மாமியார் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அருணா ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"இப்ப யாரும் இல்லை. நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றாள். "சொல்லுங்க."

மறுமுனையில் குணசேகரன் அழுதுகொண்டிருந்தான்.